கடற்கரை மணலின் வரவு செலவு

தமிழ்நாட்டின் கடற்கரை ஏறத்தாழ 1,000 கிலோ மீட்டர் நீளமுடையது. வடக்கே பழவேற்காட்டில் தொடங்கி, கன்னியாகுமரியைச் சுற்றிக் கேரள எல்லை வரை செல்லும் இக்கரையின் ஓரத்தில் நெல், நிலக்கடலை, தென்னை, முந்திரி, சவுக்கு, பூச்செடிகள் முதலியவற்றைப் பயிரிடும் சிறு விவசாயிகள் ஏராளமாக வாழ்கின்றனர். இவர்களிடம் பேசும்போது இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்கலாம். "எங்கள் ஊரில் கடல் உள்ளே வந்துகொண்டே இருக்கின்றது" என்பார் ஒருவர். "எங்கள் ஊரில் கடல் தள்ளிப் போய்விட்டது" என்பார் பத்துக் கல் தொலைவிலுள்ள மற்றொருவர். இரண்டும் உண்மையே. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் ஓரிடத்தில் கரையை அரிக்கின்றது. மற்றோரிடத்தில் மணலைப் படிய வைக்கின்றது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரையோர மாற்றங்களை ஆராய்ந்ததில், நம் நாட்டுக் கரையில் மூன்றில் ஒரு பங்கும், தமிழ்நாட்டுக் கரையில் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பங்கும் அரிப்புக்கு உள்ளாகி வருவது தெரிய வந்தது. மற்ற இடங்களில் கரை நிலையாக உள்ளது அல்லது மணல் சேர்ந்து வளர்ந்து வருகின்றது.

குடும்பத்திற்கு வரவு செலவுக் கணக்கு இருப்பதுபோல ஒவ்வொரு கடற்கரைக்கும் மணல் கணக்கு ஒன்று உண்டு. வரும் மணலும் போகும் மணலும் சமமாக இருந்தால் கரை நிலையாக நிற்கும். வரவு மிகுந்தால் கரை வளரும். செலவு மிகுந்தால் கரை தேயும். இந்த ஒரு கருத்தை மனத்தில் கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

வரவு: மணல் எங்கிருந்து வருகின்றது?

கடற்கரை மணலில் பெரும்பகுதி கடலில் தோன்றியதன்று. மலைப் பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து மணலாகவும் வண்டலாகவும் மாறுகின்றன. ஆறுகள் இவற்றை அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்க்கின்றன. பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, வைகை, தாமிரபரணி ஆகிய ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக இவ்வேலையைச் செய்து வந்துள்ளன. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் வளமான நெல் வயல்கள் காவிரி இவ்வாறு கொண்டுவந்து கொட்டிய வண்டலின்மீது அமைந்தவையே.

ஆறு வேகமாக ஓடும்போது பருமணலையும் தூக்கிச் செல்லும். சமவெளிக்கு வந்து வேகம் குறைந்ததும் பருமணல் முதலில் தங்கும். பிறகு நுண்மணல் தங்கும். களிமண் மட்டும் கடைசிவரை நீரில் கலங்கிச் செல்லும். அதுவும் கடல் நீரைச் சந்தித்தவுடன் படியத் தொடங்குகின்றது. கலங்கிய நீரில் படிகாரத்தைக் கரைத்தால் மண் திரண்டு அடியில் தங்குவதை நாம் வீட்டில் பார்த்திருக்கிறோம். கடல் நீரிலுள்ள உப்பும் அவ்வாறே களிமண்ணைத் திரளச் செய்கின்றது. பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற கழிமுகங்களில் சேறு தங்குவதும் அங்கே அலையாத்திக் காடுகள் வளர்வதும் இதனால்தான்.

ஆறுகளின் குறுக்கே அணை கட்டும்போது நீருடன் மணலும் தேங்குகின்றது. 1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. இவ்வணை நமது பாசனத்திற்கு உயிர்நாடி என்பதில் ஐயமில்லை. எனினும், முன்பு வெள்ளத்தோடு கடலுக்குச் சென்ற மணலில் ஒரு பகுதி அணையின் அடியிலேயே தங்கிவிடுகின்றது. ஆற்றுப் படுகையில் அளவுக்கு மீறி மணல் அள்ளுவதும் கடற்கரைக்கு வர வேண்டிய வரவைக் குறைக்கின்றது. ஆற்றில் அள்ளப்படும் மணலுக்கும் கடலோர வயலுக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

செலவு: மணல் எவ்வாறு நகர்கின்றது?

அலை கரையை நெருங்கும்போது அதன் அடிப்பகுதி தரையில் உராய்கின்றது. அடி மெதுவாகவும் மேல் வேகமாகவும் செல்வதால் அலை முன்பக்கம் சரிந்து உடைகின்றது. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். உடையும் இடத்தில் மணல் கிளறப்படுகின்றது. உழுத வயலில் மண் இளகுவது போன்றதே இது. இவ்வாறு இளகிய மணலைச் சிறு நீரோட்டமும் எளிதில் நகர்த்திவிடும்.

அலை கரைக்கு நேராக வந்தால் மணல் மேலும் கீழுமாக மட்டுமே செல்லும். ஆனால், பெரும்பாலும் அலைகள் சாய்வாகவே வருகின்றன. சாய்வாக ஏறும் அலை மணலைச் சாய்வாக மேலே தள்ளுகின்றது. இறங்கும் நீரோ சரிவை ஒட்டி நேராகக் கீழே வருகின்றது. அடுத்த அலை அதே மணலை மறுபடியும் சாய்வாகத் தள்ளுகின்றது. இவ்வாறு வளைந்து வளைந்து மணல் கரையோரமாகவே பயணம் செய்கின்றது. கரையில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டுச் சிறிது நேரம் கவனித்தால் இதனைக் கண்ணாலேயே காணலாம்.

நமது கிழக்குக் கரையில் இப்பயணம் பருவத்திற்குத் தக்கவாறு திசை மாறுகின்றது. பங்குனி முதல் புரட்டாசி வரை அலைகள் தெற்கு, தென்கிழக்குத் திசைகளிலிருந்து வருவதால் மணல் வடக்கு நோக்கிச் செல்கின்றது. ஐப்பசி முதல் தை வரை, வாடைக்காற்று வீசும் காலத்தில், மணல் தெற்கு நோக்கித் திரும்புகின்றது. வடக்கு நோக்கிச் செல்லும் காலம் நீண்டதாகையால், ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சென்னை, புதுவை, கடலூர்க் கரைகளில் மணல் வடக்கு நோக்கியே நகர்கின்றது. இதன் அளவு ஆண்டுக்குப் பல இலட்சம் கன மீட்டராகும். ஒரு லாரியில் 6 கன மீட்டர் மணல் ஏற்றலாம் என்று வைத்துக்கொண்டால், ஓர் இலட்சம் கன மீட்டர் மணலுக்கு 16,000-க்கும் அதிகமான லாரிகள் தேவைப்படும். கடல் இதனைச் சத்தமின்றி ஒவ்வோர் ஆண்டும் செய்து வருகின்றது.

கரையோரப் பயணத்தோடு மணல் கரைக்கும் கடலுக்கும் இடையேயும் போய் வருகின்றது. மழைக்காலப் பேரலைகள் கரை மணலைச் சுரண்டிச் சற்று தூரத்தில் நீருக்கடியில் திட்டாகக் குவிக்கின்றன. கோடையில் சிறு அலைகள் அதே மணலைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவருகின்றன. எனவே கார்த்திகை மாதம் கரை குறுகிவிட்டதைக் கண்டு கடல் நிலத்தை விழுங்கிவிட்டதாக முடிவு செய்யக்கூடாது. சித்திரையில் அது திரும்பி வருகின்றதா என்பதையும் பார்த்த பின்னரே முடிவு செய்யவேண்டும்.

கடல் அமைக்கும் நிலங்கள்

கடினமான பாறை உள்ள இடத்தில் அரிப்பு மெதுவாக நடைபெறும். மென்மையான மண் உள்ள இடம் விரைவில் அரிக்கப்படும். இதனால் பாறை முனையாக நீட்டிக்கொண்டும் மண் பகுதி வளைந்து உள்வாங்கியும் நிற்கும். முனையை அடையும் அலைகள் அதைச் சுற்றி வளைந்து அதன்மீதே மோதுகின்றன. உள்வாங்கிய பகுதியில் அலையின் வேகம் தணிவதால் மணல் தங்குகின்றது. கன்னியாகுமரிப் பகுதியில் பாறை முனைகளையும் இடையிடையே சிறு மணற்கரைகளையும் ஒருசேரக் காணலாம்.

கரை திடீரென்று திரும்பும் இடத்தில் ஓரமாக வந்த மணல் திரும்ப முடியாமல் நேராகச் சென்று படிகின்றது. அது நாளடைவில் நாக்குப் போன்ற மணல் முனையாக நீளுகின்றது. இராமேசுவரம் தீவின் வாலாக நீண்டிருக்கும் தனுஷ்கோடி இத்தகைய மணல் முனைக்குச் சான்றாகும். மணலால் ஆன நிலம் எவ்வளவு நிலையற்றது என்பதையும் அதுவே காட்டியது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்தது.

மணல் முனை நீண்டு ஒரு நீர்ப்பரப்பைக் கடலிலிருந்து பிரித்துவிட்டால் உட்புறத்தில் காயல் உண்டாகின்றது. ஸ்ரீஹரிகோட்டா மணல் தீவு கடலைத் தடுத்து நிற்பதால் அதன் பின்னால் பழவேற்காடு ஏரி அமைந்துள்ளது.

கரை கடலை நோக்கி வளரும்போது பழைய கரை உள்நாட்டில் மேடாக நின்றுவிடுகின்றது. வேதாரண்யம் பகுதியில் கரைக்கு இணையாக வரிசை வரிசையாக மணல் மேடுகளும் இடையிடையே பள்ளங்களும் இருப்பதைக் காணலாம். ஒவ்வொரு மேடும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்ததாகும். கடல் சில ஆயிரம் ஆண்டுகளில் படிப்படியாகப் பின்வாங்கிய வரலாற்றை இம்மேடுகள் காட்டுகின்றன. மேட்டில் தென்னை, மா, பூச்செடிகள், பள்ளத்தில் நெல் என்று அப்பகுதி மக்கள் பயிர் செய்வது நிலத்தின் இயல்பறிந்த முறையாகும்.

மணல் உலர்ந்த பிறகு காற்று தன் வேலையைத் தொடங்குகின்றது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலுள்ள செம்மணல் தேரிகள் காற்றினால் குவிக்கப்பட்டவை. நம் கிராமங்களில் கரையை ஒட்டியுள்ள சிறு மணல் மேடுகளும் காற்று தந்தவையே.

கணக்குப் பிசகிய இடங்கள்

மணல் செல்லும் பாதையில் தடை ஏற்பட்டால் ஒரு பக்கம் வரவும் மறு பக்கம் செலவும் மிகுந்துவிடும். இதற்குச் சென்னையே சிறந்த பாடமாகும். அங்கே துறைமுகம் கட்டும் வேலை 1870-களின் நடுப்பகுதியில் தொடங்கியது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய சுவர்கள் தெற்கிலிருந்து வந்த மணலைத் தடுத்தன. அம்மணல் தெற்குப் பக்கத்தில் குவிந்ததால் மெரினாக் கடற்கரை அகன்றது. இன்று அது பல இடங்களில் 300 மீட்டர் அகலமுள்ளதாக இருக்கின்றது. ஆனால், துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் நோக்கிய கரைக்கு வர வேண்டிய மணல் வராமல் போயிற்று. அங்கே கடல் கரையை அரித்து வீடுகளையும் தெருக்களையும் கொண்டு சென்றது. மெரினாவில் உலாவும் மக்களின் காலடியில் இருப்பது வட சென்னை மக்களுக்குச் சேர வேண்டிய மணல் என்று சொன்னால் அது மிகையன்று.

புதுவையிலும் இதே நிகழ்ச்சி நடைபெற்றது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்ட பின்னர், வடக்கே நகரின் முன்னிருந்த மணற்கரை மறைந்தது. நகரைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கற்கள் நகரைக் காத்தன. அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டு மீனவக் கிராமங்களைத் தாக்கியது. 2018-ஆம் ஆண்டு முதல் நகரின் முன்னே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்று தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தால் அமைக்கப்பட்டது. அதன் பின்னர் கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. மணலுக்கு வழிவிட்டால் கரை திரும்பும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

தரங்கம்பாடியில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதி கடலில் விழுந்துவிட்டது. கோயில் கட்டப்பட்ட காலத்தில் அது கடலிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் இருந்திருக்கவேண்டும். கரை எங்கும் என்றும் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் கற்சுவர்களை மக்கள் தூண்டில் வளைவு என்று அழைக்கின்றனர். தூண்டில் வளைவு புதிதாக மணலை உண்டாக்குவதில்லை. போகும் மணலை நிறுத்தி வைக்கின்றது. எனவே ஓர் ஊருக்கு அது கட்டப்படும்போது, மணல் போகும் திசையிலுள்ள அடுத்த ஊரின் நிலை என்னவாகும் என்பதையும் சேர்த்து ஆராய்ந்தே கட்ட வேண்டும். வாய்க்காலில் ஒருவர் மடையை அடைத்தால் கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் இல்லாமற் போவதை நாம் அறிவோம். மணலுக்கும் கடைமடை உண்டு.

முகத்துவாரமும் வடிகாலும்

ஆற்றின் முகத்துவாரத்தில் இரண்டு சக்திகள் போட்டியிடுகின்றன. கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கப் பார்க்கின்றது. ஆறு வெள்ளத்தால் அதைத் தள்ளித் திறக்கப் பார்க்கின்றது. கோடையில் ஆற்றில் நீரோட்டம் இல்லாதபோது மணல் வென்று வாய் மூடிக்கொள்கின்றது. வடகிழக்குப் பருவமழையில் ஆறு வென்று வாய் திறந்துகொள்கின்றது.

ஆற்றில் வரும் நீர் குறைந்துவிட்ட சிறு ஆறுகளிலும் வடிகால்களிலும் இப்போட்டியில் மணலே பெரும்பாலும் வெல்கின்றது. அப்போது முதல் பெருமழையில் நீர் வடிய வழியின்றிச் சம்பா வயல்களில் தேங்குகின்றது. தூர் பிடிக்கும் பருவத்தில் பல நாட்கள் நீரில் மூழ்கிய பயிர் அழுகிவிடும். உள்ளூரில் வாய்க்கால் தூர் வாருவது மட்டும் இதற்குப் போதாது. வடிகால் கடலில் சேரும் இடம் வரை திறந்திருக்க வேண்டும். புரட்டாசி மாதத்திற்குள் முகத்துவாரத்தைச் சென்று பார்த்து, அடைபட்டிருந்தால் நீர்வளத் துறைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும்.

முகத்துவாரம் திறந்தே இருந்தாலும் வேறொரு தொல்லை உண்டு. கோடையில் ஓதம் ஏறும்போது உப்பு நீர் வடிகால் வழியாக உள்ளே புகுந்து விடும். இதைத் தடுக்கவே கடைமடை நீரொழுங்கிகள் அமைக்கப்பட்டுள்ளன. இவற்றின் ஷட்டர்களை மழைக்காலத்தில் திறக்கவும் கோடையில் மூடவும் தக்க நேரத்தில் ஏற்பாடு செய்வது வயலைக் காப்பதற்குச் சமமாகும்.

மணல் மேடு: உழவரின் குதிர்

கரையை ஒட்டிய மணல் மேடு வெறும் பயனற்ற நிலம் என்றே பலர் எண்ணுகின்றனர். அது மூன்று வேலைகளைச் செய்கின்றது.

முதலாவது, அது மணற் சேமிப்பு. புயல் காலத்தில் பேரலை கரை மணலைத் தின்று தீர்த்ததும் மேட்டைக் கரைக்கின்றது. அம்மணல் கடலுக்குள் திட்டாகப் படிந்து, அடுத்து வரும் அலைகளைத் தூரத்திலேயே உடையச் செய்கின்றது. புயல் ஓய்ந்தபின் மணல் மெதுவாகக் கரைக்குத் திரும்புகின்றது. பஞ்ச காலத்தில் குதிர் நெல் உதவுவது போல, புயல் காலத்தில் மேட்டு மணல் உதவுகின்றது. மேட்டை வெட்டி விற்பது விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, அது கரை. ஏரிக்குக் கரை இருப்பது போலக் கடலுக்கும் வயலுக்கும் நடுவே மேடு நிற்கின்றது. ஓரிடத்தில் வண்டி செல்ல வழி வெட்டினாலும் அந்த உடைப்பு வழியாகவே கடல் நீர் உள்ளே புகும்.

மூன்றாவது, அது தண்ணீர்த் தொட்டி. மேட்டில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இதில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். நீர்மட்டம் ஓர் அடி நிரந்தரமாகக் குறைந்தால், அடியிலுள்ள உப்பு நீர் நாளடைவில் ஏறத்தாழ 40 அடி மேலே ஏறிவிடும். கடலோரத்தில் நேற்றுவரை இனித்த கிணறு உவர்ப்பாக மாறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

கடலோரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியை எண்ணிப் பார்ப்போம். கரையோர மேட்டு மணலை லாரிக்காரருக்கு விற்று, நிலத்தைச் சமன் செய்து, ஆழ்குழாய் போட்டு மோட்டார் வைக்கிறார். முதல் இரண்டு ஆண்டுகள் விளைச்சல் நன்றாகவே இருக்கும். மழை நீரைத் தேக்கிய மேடு இல்லாததால் நல்ல தண்ணீர் குறைகின்றது. மோட்டார் இறைப்பதால் உப்பு நீர் மேலேறுகின்றது. அடுத்த புயலில் கடல் நீர் தடையின்றி வயலுக்கு வருகின்றது. மணலுக்குக் கிடைத்த பணம் ஒரே முறை வந்தது. இழப்போ ஆண்டுதோறும் வரும். அவருடைய நிலம் மட்டுமின்றி, மேட்டின் பின்னாலிருந்த அண்டை நிலங்களும் பாதிக்கப்படும்.

மணல் மேடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி மிகுந்த பாதுகாப்புக்குரிய பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. இவ்விதிகள் முதலில் 1991-ஆம் ஆண்டிலும், பின்னர் 2011, 2019-ஆம் ஆண்டுகளில் திருத்தியும் வெளியிடப்பட்டன.

விவசாயிகள் செய்யத்தக்கவை

1. மேட்டில் தானாக வளரும் கொடிகளை அழிக்காதீர்கள். அடம்பங்கொடி, இராவணன் மீசை ஆகியவை காற்றில் வரும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. மணல் மூட மூட இவை மேலே வளர்ந்து மேட்டையும் உயர்த்துகின்றன. எரு, விறகு என்று இவற்றைப் பிடுங்கினால் மேடு கலைந்து மணல் வயலில் வந்து விழும்.

2. மேட்டின் கடற்புறச் சரிவைக் கொடிகளுக்கும் தாழைக்கும் விட்டுவிடுங்கள். மரங்களை மேட்டின் பின்புறத்தில் நடவேண்டும். சவுக்கு, பனை, புன்னை, பூவரசு, முந்திரி ஆகியவை ஏற்றவை. ஆமைகள் முட்டையிட வரும் கரையில் நீர் ஓரம் வரை சவுக்கு நடுதல் கூடாது.

3. காற்றுத் தடுப்புக்குச் சவுக்கை ஒரே வரிசையாக நடுவதால் பயனில்லை. ஐந்தாறு வரிசைகளாக, முக்கோண முறையில், ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசை மரம் வருமாறு நடுக. ஐப்பசியில் மழை தொடங்கியதும் நட்டால் நாற்றுகள் நன்கு பிடிக்கும். இத்தடுப்பு மரத்தின் உயரத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரத்திலுள்ள பயிரை நன்கு காக்கும். வேதாரண்யம் பகுதியிலுள்ள நாலுவேதபதி கிராமத்தில் 2002-ஆம் ஆண்டு 80,000-க்கும் அதிகமான மரக்கன்றுகள் நடப்பட்டன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது அம்மரங்கள் ஊருக்கு அரணாக நின்றன.

4. கடலோர மணற்பாங்கான நிலத்தில் ஆழ்குழாய்க் கிணற்றைத் தவிர்த்து ஆழமில்லாத கிணறு அல்லது ஊற்றுக் குட்டைகளை அமைத்துக்கொள்ளுங்கள். ஒரே கிணற்றில் நீண்ட நேரம் இறைக்காமல், சிறிது சிறிதாக இறைத்து ஊற விடவேண்டும். தண்ணீரை ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் தையிலும், மண் பரிசோதனை நிலையத்தில் ஆய்வு செய்து கணக்கு வைத்துக்கொள்ளவும்.

5. கடல் நீர் புகுந்த வயலில் உடனே நடவு செய்ய முயலவேண்டாம். முதலில் மண்ணைப் பரிசோதிக்கவும். மின் கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். வரப்பை உயர்த்தி, மழை நீரைத் தேக்கி, வடிகால் வழியாக வடித்து விடுவதைப் பலமுறை செய்தால் உப்பு கழுவப்படும். வடிகால் இல்லாமல் நீரைத் தேக்குவதால் பயனில்லை. 2004-இல் உப்பேறிய நிலங்கள் பலவற்றை 2005-ஆம் ஆண்டின் பலத்த பருவமழையே பெருமளவில் திருத்திக் கொடுத்தது.

6. ஜிப்சம் களர் நிலத்திற்குரியது. எல்லா உப்பு நிலத்திற்கும் அது தேவைப்படுவதில்லை. மண் பரிசோதனையின் பரிந்துரைப்படி மட்டுமே இடவேண்டும்.

7. உப்பு குறைந்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும். நெல்லில் கோ 43, திருச்சி 1 போன்ற தாங்கும் தன்மையுள்ள இரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். நெற்பயிர் இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பை மிகவும் தாங்காது. அப்பருவங்களில் நல்ல தண்ணீர் கிடைக்குமாறு பட்டத்தை அமைத்துக்கொள்ளவேண்டும்.

நீங்களே அளந்து பாருங்கள்

கரை தேய்கின்றதா வளர்கின்றதா என்பதை அறிய பெரிய கருவிகள் தேவையில்லை. கரைக்கு உட்புறமாக, அசையாத அடையாளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய பனைமரம், கோயில் சுவர், மின்கம்பம் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பௌர்ணமியன்றும் ஓதம் ஏறி நின்ற கோட்டை மணலில் ஈரத்தையும் சருகுகளையும் கொண்டு அடையாளம் காணலாம். அடையாளத்திலிருந்து அக்கோடு வரை உள்ள தூரத்தைக் கயிற்றால் அல்லது அடிகளால் அளந்து, தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஓர் ஆண்டில் கார்த்திகையில் தூரம் குறைவதையும் சித்திரையில் கூடுவதையும் காண்பீர்கள். இது இயல்பானது. இரண்டு மூன்று ஆண்டுகளின் சித்திரை அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அவை ஆண்டுக்காண்டு குறைந்து வந்தால் உங்கள் கரையின் கணக்கில் பற்று மிகுந்து வருகின்றது என்று பொருள். பள்ளி மாணவர்களைக் கொண்டும் இவ்வேலையைச் செய்யலாம். தூண்டில் வளைவோ கற்சுவரோ வேண்டும் என்று ஊரார் மனுக் கொடுக்கும்போது இத்தகைய நோட்டு ஒன்று கையில் இருந்தால் அதிகாரிகள் அதனை மறுக்க முடியாது.

உலகெங்கும் கடல் மட்டம் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 மில்லி மீட்டர் வரை உயர்ந்து வருகின்றது. அளவு சிறியதாகத் தோன்றினாலும் சமதளமான டெல்டாக் கரையில் இதன் விளைவு பெரிது. ஆற்றிலிருந்து வரும் மணல் குறைந்து, கடல் மட்டம் உயரும் காலத்தில், கரையில் மிஞ்சியுள்ள மணல் மேடே நமது கையிருப்பு. அதைக் காப்பதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வெட்டாமல் விடுவதும், கொடிகளை வளரவிடுவதும், பின்னால் நாலு மரம் நடுவதுமே போதும்.

கடலோர விவசாயப் பெருமக்கள் அடுத்த மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை தங்கள் ஊர் மணல் மேட்டையும் முகத்துவாரத்தையும் நேரில் சென்று பார்த்து, வேண்டியதைக் கூட்டாகச் செய்து பயன் பெறுவார்களாக.